தெரியாது என்று யார் சொல்லலாம்?

சட்டம் தெரியாது என்று சொல்லி யாரும் தப்பிக்க முடியாது. உலகத்தின் பெரும்பாலான நீதிமன்றங்கள் தலைமேல் தூக்கி வைத்திருக்கும் வாக்கியம் இது. ரோமானியர் காலத்துச் சரக்கு, லத்தீனில் சொன்னால் இன்னும் கம்பீரமாக இருக்கும் என்பார்கள். வாசிக்கத் தெரியாதவனுக்கும், வாசிக்கவே கூடாது என்று தடுக்கப்பட்டவனுக்கும், வாசித்தும் புரியாதவனுக்கும் சேர்த்தே இதைச் சொல்லி வைத்திருக்கிறார்கள். எழுதுறது நாங்க, புரிஞ்சுக்கிறது உன் பொறுப்பு, புரியலைன்னா தண்டனையும் உனக்குத்தான். இதில் நியாயம் என்ன இருக்கு?

இந்தக் கேள்வியைப் பொத்தாம்பொதுவாகப் பேசினால் வக்கீல்களின் பட்டிமன்றம் ஆகிவிடும். ஒரே ஒரு சட்டத்தைக் கையில் எடுத்துக்கொண்டு பார்ப்போம். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியை வெளியே தெரியாமல் உடம்பில் மறைத்து எடுத்துச் செல்வது பற்றி ஒவ்வொரு மாநிலமும் போட்டு வைத்திருக்கும் சட்டம். துப்பாக்கி மேல் எனக்கு எந்த மோகமும் கிடையாது. அது இடுப்பில் இருந்தால் விடுதலை வந்துவிடும் என்று நம்புகிற ஆளும் இல்லை. ஆனால் சட்டத்தைத் தேடி வாசிப்பதும், வாசித்தது இன்றைக்கும் செல்லுமா என்று சரிபார்ப்பதும் அங்கே ஒரு மனிதனின் சிறைவாசத்தையும் சில சமயம் உயிரையும் தீர்மானிக்கிறது. அந்த மனிதன் கறுப்பன் என்றால் கேள்வி இன்னும் கூர்மையாகிறது.

முதலில் அந்தக் காட்டுக்குள் கொஞ்சம் போய் வருவோம்.

ஐம்பது மாநிலங்கள், ஐம்பது சட்டப் புத்தகங்கள். 1813இல் கென்டக்கியும் லூசியானாவும் மறைத்து ஆயுதம் வைத்திருப்பதைக் குற்றமாக்கின. அன்றிலிருந்து இன்றுவரை ஒவ்வொரு மாநிலமும் தன் போக்கில் எழுதியும் அடித்தும் திருத்தியும் வருகிறது. வெர்மான்ட் மாநிலம் இதற்கு லைசென்ஸ் என்று ஒன்றைக் கேட்டதே இல்லை. 1987இல் ஃபுளோரிடா, தகுதி இருந்தால் லைசென்ஸ் கொடுத்தே ஆகவேண்டும் என்று சட்டம் போட்டது. பிறகு பல மாநிலங்கள் அந்த வழியில் போயின. 2003இல் அலாஸ்கா, 2010இல் அரிசோனா, 2021இல் டெக்சாஸ் என்று லைசென்ஸே வேண்டாம் என்ற நிலைக்கு வந்தார்கள். 2024 வாக்கில் அப்படிப்பட்ட மாநிலங்கள் 29. இன்னொரு பக்கம் நியூயார்க், நியூ ஜெர்சி மாதிரி மாநிலங்களில் லைசென்ஸ் இல்லாமல் பிடிபட்டால் வருடக்கணக்கில் உள்ளே இருக்க வேண்டும். ஒரே ஆள், ஒரே துப்பாக்கி, ஒரே சட்டைப்பை. ஒரு பாலத்தைத் தாண்டினால் குடிமகன் குற்றவாளி ஆகிவிடுகிறான்.

சரி, பாலத்தைத் தாண்டுவதற்கு முன்னால் பார்த்துக்கொள்ள வேண்டியதுதானே என்பீர்கள். எதை எங்கே பார்ப்பது? டெக்சாஸ் என்றால் தண்டனைச் சட்டத்தின் 46ஆம் அத்தியாயத்தில் ஒரு பாதி இருக்கும், லைசென்ஸ் விவகாரம் அரசாங்கச் சட்டத்தின் 411ஆம் அத்தியாயத்தில் கிடக்கும். கடைக்காரர் "உள்ளே துப்பாக்கி கூடாது" என்று பலகை வைத்தால் அது செல்லுமா என்பது தண்டனைச் சட்டம் 30ஆம் அத்தியாயத்தில். அந்தப் பலகை ஆங்கிலத்திலும் ஸ்பானிஷிலும் இருக்கவேண்டும், எழுத்து ஒரு அங்குல உயரமாவது வேண்டும், பின்னணிக்கு எடுப்பான நிறம் வேண்டும். மறைத்துக் கொண்டுவருபவனுக்கு ஒரு பலகை, வெளியே தெரிய வைத்திருப்பவனுக்கு வேறு பலகை. இவ்வளவு நுணுக்கமாக எழுதத் தெரிந்தவர்களுக்கு எல்லாவற்றையும் ஒரே இடத்தில் எழுத மட்டும் தெரியாமல் போய்விட்டது.

அந்தப் பிரிவு இப்போது அமலில் இருக்கிறதா என்பது அடுத்த கேள்வி. சட்டமன்றம் போன மாதம் நிறைவேற்றிய திருத்தம் தொகுப்பில் ஏறியிருக்காது; ஏறியிருந்தாலும் அமலுக்கு வரும் தேதி பல மாதம் தள்ளி இருக்கும். நீதிமன்றம் தடைபோட்ட பிரிவு புத்தகத்தில் அப்படியே உட்கார்ந்திருக்கும். ஆகவே சட்டத்தை மட்டும் வாசித்தால் போதாது, அந்த ஆண்டின் திருத்தங்களைப் பார்க்கணும், தீர்ப்புகளைப் பார்க்கணும், மாநில அட்டர்னி ஜெனரல் சொன்ன கருத்துரையைப் பார்க்கணும். நாற்பதுக்கும் மேற்பட்ட மாநிலங்களில் நகராட்சிகள் துப்பாக்கி பற்றித் தனியாகச் சட்டம் போடுவதற்குத் தடையோ கட்டுப்பாடோ உண்டு; மற்ற இடங்களில் ஊருக்கு ஊர் விதி மாறும். உங்கள் மாநில லைசென்ஸை அடுத்த மாநிலம் ஒத்துக்கொள்கிறதா என்று உங்கள் மாநில அலுவலகத்தில் கேட்டுப் பிரயோஜனம் இல்லை. யாருடைய எல்லைக்குள் போகிறீர்களோ அவர்கள் வெளியிடும் பட்டியலைத்தான் பார்க்கவேண்டும். அந்தப் பட்டியல் எந்தத் தேதியில் போட்டது என்பதையும்.

இதுக்கு மேல டெல்லி மாதிரி வாஷிங்டன் ஒண்ணு இருக்கு. பள்ளிக்கூடத்தைச் சுற்றி ஆயிரம் அடிக்குள் துப்பாக்கி வைத்திருப்பது கூட்டாட்சிச் சட்டப்படி குற்றம். 1990இல் போட்ட இந்தச் சட்டத்தை 1995இல் உச்சநீதிமன்றம் அடித்துப்போட்டது. மறு ஆண்டே நாடாளுமன்றம் வேறு வார்த்தையில் திரும்ப எழுதியது. அந்தப் பள்ளி இருக்கும் மாநிலம் கொடுத்த லைசென்ஸ் கையில் இருந்தால் விலக்கு. இப்போ பாருங்க. "எங்க மாநிலத்துல லைசென்ஸே தேவையில்லை" என்று மாநிலம் சொல்கிறது. அதை நம்பி லைசென்ஸ் எடுக்காதவன் பள்ளிக்கூடம் இருக்கிற தெருவில் நடந்து போனால் மத்தியச் சட்டத்தில் மாட்டுகிறான். நகரத்துக்குள் எந்தப் பள்ளியில் இருந்தும் ஆயிரம் அடி தள்ளி நடக்க முடியுமா?

பிலடெல்பியாவைச் சேர்ந்த ஒரு கறுப்பினப் பெண்ணின் கதை பலருக்கும் தெரியும். இரண்டு பிள்ளைகளைத் தனியாக வளர்த்தவர். வழிப்பறிக்கு ஆளான பிறகு முறையாகப் பென்சில்வேனியாவில் லைசென்ஸ் எடுத்து ஒரு கைத்துப்பாக்கி வாங்கினார். 2013 அக்டோபரில் நியூ ஜெர்சிக்குள் கார் ஓட்டிப் போனபோது போலீஸ் நிறுத்தியது. என்னிடம் துப்பாக்கி இருக்கிறது, லைசென்ஸும் இருக்கிறது என்று அவரேதான் சொன்னார். வேறு எந்த மாநில லைசென்ஸையும் நியூ ஜெர்சி ஒத்துக்கொள்வதில்லை. அங்கேயே கைது. வாரக்கணக்கில் சிறை. குறைந்தபட்சம் மூன்றரை வருடத் தண்டனை தலைமேல் தொங்கியது. ஊர் முழுக்கப் பேச்சாகி, அரசு வழக்கறிஞர்களுக்கு வழிகாட்டும் விதியையே திருத்தி, கடைசியில் 2015இல் ஆளுநர் மன்னிப்பு கொடுத்தார். மன்னிப்பு! என்ன தப்பு செய்தார் என்று மன்னிப்பு? உண்மையைச் சொன்னார். அதுதான் நடந்தது.

அவர் சரிபார்த்திருக்க வேண்டும் என்று சொல்லலாம். சொல்லட்டும். அந்தப் பேச்சுக்குப் பின்னால் வருகிறேன். அதற்கு முன்னால், சட்டத்தை வாசிக்கிறவன் யார் என்பதற்கு அங்கே ஒரு வரலாறு இருக்கிறது.

அமெரிக்கத் தென் மாநிலங்களில் அடிமைக்கு எழுத்துச் சொல்லிக்கொடுப்பது குற்றம். தென் கரோலைனாவில் 1740இலேயே எழுதக் கற்பிக்கத் தடை. 1831இல் நாட் டர்னர் தலைமையில் அடிமைகள் கிளர்ந்த பிறகு பல மாநிலங்களில் இந்தத் தடை இறுகியது. அதே ஆட்களை அதே சட்டத்தால் தண்டித்தார்கள். வாசிக்கவும் கூடாது, தெரியாது என்றும் சொல்லக்கூடாது. (வேதத்தைக் காதில் கேட்டால் ஈயத்தைக் காய்ச்சி ஊற்று என்று எழுதிய தர்ம சூத்திரத்துக்கு இவன் எங்கோ தூரத்துப் பங்காளி.) அடிமைமுறை ஒழிந்த 1865இலேயே மிசிசிப்பி ஒரு சட்டம் போட்டது: விடுதலையான கறுப்பர் உள்ளூர் நிர்வாகத்திடம் லைசென்ஸ் வாங்காமல் துப்பாக்கியோ தோட்டாவோ வைத்திருக்கக்கூடாது. அதில் ஒரு வெளிப்படைத்தன்மை இருந்தது என்றுகூடச் சொல்லலாம். யாரை அடிக்கப்போகிறேன் என்று சட்டமே பெயர் சொல்லியது.

பிறகு அரசியல் சட்டத் திருத்தம் வந்தது, எல்லோரும் சமம் என்று எழுதவேண்டி வந்தது. எழுதினார்கள். ஃபுளோரிடாவில் 1893இல் ஒரு சட்டம். 1901இல் திருத்தி அதில் கைத்துப்பாக்கியையும் சேர்த்தார்கள். லைசென்ஸ் வேண்டும், நூறு டாலர் பத்திரம் கட்டவேண்டும். கறுப்பர், வெள்ளையர் என்ற வார்த்தையே அதில் கிடையாது. வாசிக்கிறவனுக்கு எல்லோருக்குமான சட்டம். 1941இல் காருக்குள் பெட்டியில் பிஸ்டல் வைத்திருந்த ஒருவர் வழக்கு அந்த மாநில உச்சநீதிமன்றத்துக்கு வந்தது. தண்டனை ரத்தானது. நீதிபதி ரிவர்ஸ் புஃபோர்ட் தனியாக எழுதிய தீர்ப்பில் உண்மையைப் போட்டு உடைத்தார். டர்பன்டைன் காடுகளுக்கும் மரம் அறுக்கும் முகாம்களுக்கும் வந்த கறுப்புத் தொழிலாளர்களை நிராயுதபாணி ஆக்கத்தான் இதைப் போட்டார்கள். வெள்ளையர் மேல் இதைப் பிரயோகிக்கும் எண்ணம் எப்போதும் இருந்ததில்லை, நடைமுறையிலும் பிரயோகித்ததில்லை. இதைச் சொன்னவர் கலகக்காரர் இல்லை, அந்த அமைப்பின் நீதிபதி. யோசித்துப் பாருங்கள். அந்தச் சட்டத்தை வரி விடாமல் வாசித்து, தேதி பார்த்து, திருத்தம் பார்த்துச் சரிபார்த்த ஒருவனுக்கு என்ன தெரிந்திருக்கும்? ஒன்றும் தெரிந்திருக்காது. சட்டத்தின் பிரதியில் இல்லாத வார்த்தைதான் சட்டமாக இருந்தது. அது முகாமில் வேலை பார்த்தவனுக்குத் தெரியும், புத்தகம் படித்தவனுக்குத் தெரியாது.

மார்ட்டின் லூதர் கிங் துப்பாக்கி லைசென்ஸுக்கு விண்ணப்பித்தவர் என்பது நம்மில் பலருக்கு ஆச்சரியமாக இருக்கும். 1956 ஜனவரி 30ஆம் தேதி மான்ட்கோமரியில் அவர் வீட்டில் குண்டு வெடித்தது. மனைவியும் கைக்குழந்தையும் உள்ளே. அதன்பிறகு லைசென்ஸ் கேட்டார். அலபாமா சட்டப்படி, ஆபத்துக்கு அஞ்சக் காரணம் இருக்கிற தகுதியான ஆளுக்கு அதிகாரி கொடுக்கலாம். வீட்டில் குண்டு விழுந்தவனுக்கு இதைவிட என்ன காரணம் வேண்டும்? மறுத்துவிட்டார்கள். 'தகுதியான ஆள்' என்ற சொல்லுக்கு அர்த்தம் அகராதியில் இல்லை, ஷெரிஃப் மேஜையில் இருந்தது.

இதற்கு நேர் எதிராக ஒருவன் கிளம்பினான். ஹியூய் நியூட்டன். 1966 அக்டோபரில் ஓக்லாண்டில் பாபி சீலுடன் சேர்ந்து கறுஞ்சிறுத்தைகள் கட்சியைத் தொடங்கியவன். சட்டம் படித்தவன். கலிபோர்னியாவில் மறைத்து வைக்கத்தான் லைசென்ஸ் வேண்டும், எல்லோர் கண்ணுக்கும் தெரிய ஏந்திப்போவதற்குத் தடையில்லை என்று புத்தகத்தில் கண்டுபிடித்தான். போலீஸ் ஒரு கறுப்பனை நிறுத்தி மிரட்டும் இடத்துக்கு இவர்கள் போவார்கள். சட்டம் சொன்ன தூரத்தில் நிற்பார்கள். துப்பாக்கி ஒரு கையில், சட்டப் புத்தகம் இன்னொரு பக்கம். நியூட்டன் பிரிவு எண்ணைச் சொல்லி உரக்க வாசிப்பான். இதைத் துப்பாக்கி வீரமாகத்தான் எல்லோரும் எழுதுகிறார்கள். எனக்கு அந்தப் புத்தகம்தான் பெரிதாகப் படுகிறது. சட்டம் உனக்கும்தான் தெரிந்திருக்கணும் என்று போலீஸ்காரனைப் பார்த்துச் சொன்ன இடம் அது. தெரியாதுன்னு நீயும் சொல்லமுடியாது. கேள்வியை அப்படியே திருப்பிப் போட்டான்.

பதில் என்ன கிடைத்தது? டான் மல்ஃபோர்டு என்ற சட்டமன்ற உறுப்பினர் ஒரு மசோதா கொண்டுவந்தார்: குண்டு போட்ட துப்பாக்கியைப் பொது இடத்தில் ஏந்தக்கூடாது. 1967 மே 2ஆம் தேதி சிறுத்தைகள் துப்பாக்கியோடு சாக்ரமென்டோ சட்டமன்றத்துக்கே போனார்கள். அதே ஜூலையில் ஆளுநர் ரொனால்ட் ரீகன் கையெழுத்துப் போட்டார். துப்பாக்கி உரிமைக்காகப் பின்னாளில் மேடை மேடையாய்ப் பேசிய அதே ரீகன். ஒடுக்கப்பட்டவன் சட்டத்தைச் சரியாக வாசித்துவிட்டான் என்றால் வாசிப்பைத் திருத்தமாட்டார்கள், சட்டத்தைத் திருத்துவார்கள். 1972இல் பம்பாயில் இளைஞர்கள் தலித் பேந்தர் என்று பெயர் வைத்துக்கொண்டது இந்தச் சிறுத்தைகளைப் பார்த்துத்தான். அந்தப் பெயர் பிறகு மதுரைக்கும் வந்தது. நமக்கு அந்தப் பெயரோடு கருப்பு உடுப்பும் நிமிர்ந்த கையும் வந்து சேர்ந்த அளவுக்கு அந்தச் சட்டப் புத்தகம் வந்து சேரவில்லை என்பது என் ஆதங்கம்.

இனி அந்தப் பழைய வாக்கியத்துக்கு வருவோம். நியூயார்க்கில் 1977இல் ஒருவர் கைதானார். அவர் ரௌடி இல்லை, மத்தியச் சிறைச்சாலைக் காவலர். மன்ஹாட்டனில் ஒரு கிளப்பில் அவரிடம் குண்டு போட்ட பிஸ்டல் இருந்தது, லைசென்ஸ் இல்லை. சட்டத்தில் 'அமைதிக் காவலர்' என்பவருக்கு விலக்கு உண்டு. அதன் விளக்கத்தில் 'எந்தவொரு' சிறைத் திருத்த நிறுவனத்தின் காவலரும் என்று வருகிறது. நானும் சிறைக்காவலன்தானே என்றார். விசாரணை நீதிபதி ஆமாம், நீ சொல்வது சரி என்று வழக்கைத் தள்ளினார். மேல் நீதிமன்றத்தில் ஐந்து நீதிபதிகள். மூன்று பேர் இல்லை என்றார்கள், இரண்டு பேர் ஆமாம் என்றார்கள். வழக்கு திரும்ப வந்து தண்டனை ஆனது. மாநிலத்தின் உச்ச நீதிமன்றம் 1987இல் நாலுக்கு மூன்று என்று அந்தத் தண்டனையை உறுதி செய்தது. சட்டத்தைத் தப்பாக வாசித்தது சாக்காகாது என்று காரணம் சொன்னார்கள். மக்கள் எதிர் மரேரோ என்று இன்றைக்கும் சட்டக் கல்லூரிகளில் பாடமாக வைக்கிறார்கள்.

நீதிபதிகளுக்குள்ளேயே ஒத்துக்கொள்ள முடியாத வாக்கியத்தைத் தெருவில் நிற்கிறவன் சரியாக வாசித்திருக்கணும். வாசிக்கலைன்னா ஜெயில். தப்பாக வாசித்த கீழ் நீதிபதிக்கு ஜெயில் கிடையாது, பென்ஷன் உண்டு.

இந்த வழக்கோடு இன்னொன்றைச் சேர்த்து வாசிக்கவேண்டும். 2009இல் வட கரோலைனாவில் ஒரு காரின் பின் பிரேக் விளக்கு ஒன்று எரியவில்லை என்று போலீஸ் நிறுத்தியது. நிறுத்தி, சோதித்து, போதைப்பொருள் எடுத்தது. பிறகு மாநில மேல்முறையீட்டு நீதிமன்றம் பார்த்தது: அந்த மாநிலச் சட்டப்படி ஒரு பிரேக் விளக்கு எரிந்தால் போதும், அது எரிந்தது. அதாவது காரை நிறுத்தியதே சட்டத்தைத் தப்பாகப் புரிந்துகொண்டதால். 2014இல் நாட்டின் உச்சநீதிமன்றம் எட்டுக்கு ஒன்று என்று என்ன சொன்னது தெரியுமா? போலீஸ்காரர் சட்டத்தை நியாயமான விதத்தில் தப்பாகப் புரிந்துகொண்டிருந்தால் அந்த நடவடிக்கை செல்லும். ஹையன் எதிர் வட கரோலைனா. தனியாக நின்று மறுத்தவர் நீதிபதி சோனியா சோட்டோமேயர்.

இரண்டையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் குடிமகன் சட்டம் தெரியாது என்று சொல்லக்கூடாது. இடுப்பில் துப்பாக்கி வைத்திருக்கும் போலீஸ்காரன் சொல்லலாம். சட்டத்தைப் படிக்கச் சம்பளம் வாங்குகிறவனுக்குச் சலுகை, இரண்டு வேலை பார்த்துவிட்டு ராத்திரி வீட்டுக்குப் போகிறவளுக்குக் கண்டிப்பு. ரோமானியன் வாக்கியம் தலைகீழாகத்தான் நிற்கிறது. அறிவு யாரிடம் இருக்கவேண்டுமோ அவனிடம் கேட்கப்படுவதில்லை.

புத்தகம் கிடைக்கிறதா என்பதும் சாதாரண விஷயம் இல்லை. ஜார்ஜியா மாநிலம் தன் அதிகாரபூர்வச் சட்டத் தொகுப்பை விளக்கக் குறிப்புகளோடு ஒரு தனியார் நிறுவனத்திடம் கொடுத்துத் தயாரித்து விற்றது. அந்தக் குறிப்புகளில்தான் எந்தப் பிரிவை எந்த நீதிமன்றம் அடித்துப்போட்டது என்ற விவரம் இருக்கும். கார்ல் மலமுட் நடத்தும் ஒரு பொதுநல அமைப்பு அதை வாங்கி எல்லோருக்கும் இலவசமாகக் கொடுத்தது. மாநில அரசு பதிப்புரிமை வழக்குப் போட்டது. சட்டம் எனக்குச் சொந்தம், பார்க்காதே. ஆனால் தெரியாதுன்னு சொல்லாதே! 2020இல் உச்சநீதிமன்றம் ஐந்துக்கு நாலு என்று அமைப்பின் பக்கம் நின்றது. காசுள்ளவன் செல்லுபடியாகும் சட்டத்தைப் படிப்பான், காசில்லாதவன் செத்துப்போன பிரிவுகளையும் உயிரோடு இருப்பதாக நம்பிப் பயப்படுவான் என்ற பொருளில் தலைமை நீதிபதி ராபர்ட்ஸே எழுதினார். ஒரு ஓட்டு மாறியிருந்தால் கதை வேறு.

இந்த இடத்தில் ஒரு தோழர் குறுக்கே விழுவார் என்று தெரியும். "அப்படின்னா சட்டம் தெரியாதுன்னு சொன்னா விட்டுரலாமா? ஊர்ல சாதிப்பேரைச் சொல்லித் திட்டினவன், டீக்கடையில தனி கிளாஸ் வச்சவன் எல்லாம் 1989ல இப்படி ஒரு சட்டம் வந்தது எனக்குத் தெரியாதுங்கன்னு சொன்னா என்ன செய்வே?" நியாயமான கேள்வி. மரேரோ வழக்கின் நீதிபதிகளும் இதைத்தான் வேறு மொழியில் சொன்னார்கள்: இந்தச் சாக்கைத் திறந்துவிட்டால் தெரியாமல் இருப்பதே லாபம் ஆகிவிடும். உண்மை. தெரியாமை என்பது எப்போதும் அப்பாவித்தனம் இல்லை. ஆதிக்கத்தில் இருக்கிறவனுக்குத் தெரியாமல் இருப்பது ஒரு சௌகரியம். தன் தெருவுக்குப் பக்கத்துத் தெருவில் எப்படிச் சாகிறார்கள் என்று அவனுக்குத் தெரியாது. ஏன்னா தெரிஞ்சுக்க அவனுக்கு அவசியமே வந்ததில்லை.

ஆகவே அந்த வாக்கியத்தைத் தூக்கி எறி என்று நான் சொல்லவில்லை. அந்த வாக்கியத்தின் பாரம் யார் தோளில் என்பதுதான் என் கேள்வி. அடுத்தவனை இழிவு செய்வது தப்பு என்று தெரிய எந்தச் சட்டப் புத்தகமும் வேண்டாம். அங்கே தெரியாது என்பது பொய். ஆனால் ஒரு ஆற்றின் இந்தக் கரையில் சரி என்று முத்திரை குத்திக் கொடுத்த காகிதம் அந்தக் கரையில் குற்றத்துக்குச் சாட்சி ஆகும் என்பது எந்த மனசாட்சியிலும் எழுதியிருக்காது. அது எழுதியவனுக்கு மட்டுமே தெரிந்த விஷயம். அப்போது தெரியப்படுத்துவது எழுதியவன் கடமை. தெரியப்படுத்தாமல் தண்டித்தால் அது கண்ணி வைத்துப் பிடிப்பது. 1957லேயே லாம்பர்ட் எதிர் கலிபோர்னியா வழக்கில் இதன் ஒரு ஓரத்தை உச்சநீதிமன்றம் தொட்டது. முன்பு தண்டனை பெற்றவர்கள் லாஸ் ஏஞ்சல்ஸ் நகரத்தில் தங்கினால் போலீஸில் பதிந்துகொள்ளவேண்டும் என்ற விதி இருப்பதே ஒரு பெண்ணுக்குத் தெரிய வழியில்லை என்று தண்டனையை ரத்து செய்தார்கள். ஆனால் ஓரத்தைத் தொட்டதோடு சரி. அதன்பிறகு அந்தத் தீர்ப்பை அதிகம் நீட்டவில்லை.

வாசிக்கிறவன் சக்திக்கேற்பக் கடமை, அதிகாரத்துக்கேற்பக் கண்டிப்பு. இதுதான் நியாயமாக எனக்குப் படுகிறது. லைசென்ஸ் கொடுக்கும் அலுவலகம், எந்தெந்த எல்லையில் இது செல்லாது என்று அதே காகிதத்தின் பின்பக்கத்தில் அச்சடித்துக் கொடுக்கட்டும், மாறினால் சொல்லி அனுப்பட்டும். சொல்லாமல் விட்டால் அந்தத் தெரியாமைக்கு அவர்கள் ஜவாப்தாரி. எல்லையில் நிறுத்துகிற போலீஸ்காரனுக்குத் தன் மாநிலச் சட்டம் தெரிந்திருக்கணும், தெரியலைன்னா அவன் நிறுத்தியது செல்லாது. இது கனவு இல்லை. சோட்டோமேயர் தனியாக எழுதி வைத்த மறுப்பு இருக்கிறதே, அதில் இருந்து ரெண்டு அடி எடுத்து வைத்தால் போதும்.

இவ்வளவும் சட்டம் வாசிக்கப்பட்டால் வேலை செய்யும் என்ற நம்பிக்கையில் சொல்வது. அந்த நம்பிக்கையையும் கொஞ்சம் சந்தேகப்பட வேண்டியிருக்கிறது.

துப்பாக்கியோடு காரில் போகிறவனைப் போலீஸ் நிறுத்தினால், தானே முந்திக்கொண்டு சொல்லவேண்டுமா, கேட்டால் சொன்னால் போதுமா? இதுவும் மாநிலத்துக்கு மாநிலம் வேறு. மிச்சிகனில் உடனே சொல்லவேண்டும். மின்னசோட்டாவில் கேட்டால்தான். 2016 ஜூலை 6ஆம் தேதி மின்னசோட்டாவில் ஃபால்கன் ஹைட்ஸ் என்ற இடத்தில் ஃபிலாண்டோ காஸ்டிலை நிறுத்தினார்கள். வயது 32. பள்ளிக்கூடச் சமையலறையில் வேலை. அதற்கு முன்பே நாற்பதுக்கும் மேற்பட்ட தடவை சின்னச் சின்னக் காரணங்களுக்காக வண்டியை நிறுத்திச் சோதிக்கப்பட்ட கறுப்பு மனிதர். துப்பாக்கிக்கு முறையான லைசென்ஸ் வைத்திருந்தார். காரில் துணைவியும் அவருடைய நாலு வயது மகளும். சட்டம் கேட்காத இடத்திலும் அவர் மரியாதையாக, ஐயா என்று விளித்து, தன்னிடம் துப்பாக்கி இருப்பதைச் சொன்னார். அடுத்த சில நொடிகளில் போலீஸ்காரர் ஏழு முறை சுட்டார்.

காஸ்டில் சட்டத்தைத் தெரிந்து வைத்திருந்தார். தேவைக்கு மேலேயே கடைப்பிடித்தார். 2017 ஜூனில் ஜூரி அந்தப் போலீஸ்காரரை விடுதலை செய்தது. துப்பாக்கி உரிமை பேசும் பெரிய சங்கங்கள் ஒரு வெள்ளைக்கார லைசென்ஸ்தாரர் செத்திருந்தால் போட்டிருக்கும் கூச்சலை இதற்குப் போடவில்லை என்று கறுப்பு எழுத்தாளர்கள் அப்போதே எழுதினார்கள்.

இன்னொரு பக்கமும் இருக்கிறது, அதையும் சொல்லிவிட வேண்டும். நியூயார்க்கில் லைசென்ஸ் கேட்பவன் தனிப்பட்ட காரணம் காட்டவேண்டும் என்ற பழைய சட்டத்தை எதிர்த்த வழக்கில், 2021இல் பிராங்ஸ் டிஃபெண்டர்ஸ் போன்ற ஏழைகளுக்கான வக்கீல்கள் உச்சநீதிமன்றத்துக்கு ஒரு மனு கொடுத்தார்கள். இவர்கள் துப்பாக்கிக் கட்சி இல்லை. லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கி வைத்திருந்ததற்காக மட்டும் உள்ளே போகும் எங்கள் கட்சிக்காரர்கள் கிட்டத்தட்ட எல்லோருமே கறுப்பர்கள், லத்தீன் மக்கள் என்றார்கள். தாராளவாதிகளுக்கு அந்த மனு சங்கடமாக இருந்தது. துப்பாக்கி குறையணும் என்று அவர்கள் விரும்பினார்கள். குறைப்பதற்காக யாரை உள்ளே தள்ளுகிறோம் என்று பார்க்க விரும்பவில்லை. 2022 ஜூனில் அந்தச் சட்டம் விழுந்தது. அதே செப்டம்பர் 1ஆம் தேதி புதுச் சட்டம் அமலுக்கு வந்தது. 18 மணி நேரப் பயிற்சி, துப்பாக்கி கொண்டுபோகக்கூடாத இடங்கள் என்று ஒரு நீளப் பட்டியல், டைம்ஸ் சதுக்கம் உட்பட. உடனே அதன் மேல் வழக்குகள். சில பிரிவுகளுக்குத் தடை, பிறகு தடைக்குத் தடை. அந்த வருஷம் பிராங்ஸில் இருந்த ஒருவன் இன்றைக்கு எது சட்டம் என்று கேட்டிருந்தால், வாரத்துக்கு ஒரு பதில் சொல்லவேண்டியிருந்திருக்கும். பயிற்சிக்கும் விண்ணப்பத்துக்கும் கட்டணம் உண்டு. நூறு டாலர் பத்திரம் கேட்ட ஃபுளோரிடா சட்டமும் யாருடைய நிறத்தையும் குறிப்பிடவில்லை.